இருட்டுக்குள் ஒரு ஆள்

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே நான் சுகமாக இருப்பதாகவே வைத்துக்கொள். நீ, உன்னைக் கட்டிக்கொண்ட தங்கச்சி, பிள்ளைகள் எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? ஃபிலிம் கழுவுகிற மருந்துத் தண்ணீரில் முக்கி முக்கி உன் விரல் நுனியெல்லாம் வெடித்திருந்ததே, ஆறிவிட்டதா? கையுறை போட்டுக்கொள் என்றால் கேட்க மாட்டாய்.

உன் அண்ணன் போய் மூன்று மாதம் ஆகிறது. நீ இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. “ஒரு தடவை முகத்தைப் பாக்கலையே அண்ணி” என்று மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாய். அன்றைக்கு நான்தான் உன்னைத் தேற்றினேன். இப்போது எனக்கே அந்த நிலைமை வந்திருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

தம்பி, எனக்கு அவர் முகம் மறந்துகொண்டு வருகிறது. இருபத்தாறு வருஷம் கூட இருந்தவளுக்கு மறக்குமா என்று கேட்பாய். நானும் மறக்காது என்றுதான் இருந்தேன். இருமல் ஞாபகம் வருகிறது. செருப்பைக் கழற்றி விடுகிற சத்தம் வருகிறது. முகம் மட்டும் வர மாட்டேன் என்கிறது. தையல்கடையில் காஜா எடுக்கும்போது நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். மூக்கு வந்தால் கண் வரவில்லை. கண் வந்தால் அது கடை மாஸ்டரின் கண்ணாக இருக்கிறது. பயமாக இருக்கிறது.

பிள்ளை இருந்திருந்தால் அதன் முகத்திலாவது பார்த்துக்கொள்வேன். அதுவும் இல்லை. வீட்டில் ஒரு படமும் கிடையாது. எங்கள் கல்யாணத்தில் படம் எடுத்தவன் கேமராவைப் பாதியில் திறந்துவிட்டான், அத்தனையும் வெள்ளையாகப் போயிற்று. “லைட்மேன் கல்யாணம், லைட் கொஞ்சம் அதிகமாப் போச்சு” என்று அவர் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். யூனியன் கார்டில் ஒரு படம் இருந்தது. முத்திரையைச் சரியாக மூக்கின்மேல் குத்தியிருந்தார்கள். அவர் போனதைப் பதிவு செய்ய அதையும் யூனியன் ஆபீசில் வாங்கிக்கொண்டார்கள். திரும்பக் கேட்டால் “பைலோட போயிடுச்சும்மா” என்கிறார்கள். எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை.

நீயும் அவரும் ஏழெட்டு வருஷம் ஒரே சினிமாக் கம்பெனியில் லைட் தூக்கினீர்கள். யாராவது எடுத்த படம், கூட்டத்தில் ஒரு தலையாக இருந்தாலும் போதும், உன்னிடம் இருக்கிறதா என்று தேடிப் பார்.

வேறு ஒன்றும் இல்லை. வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அண்ணி


ஜூன் 19

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். விரல் ஆறிவிட்டது. கையுறை போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறேன், உங்கள் தங்கச்சியே சாட்சி. “சுகமாக இருப்பதாகவே வைத்துக்கொள்” என்று எழுதினால் நான் என்னத்தை வைத்துக்கொள்வது? சரியாகச் சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா, அதை எழுதுங்கள்.

பெட்டி, பரண் எல்லாம் தேடிவிட்டேன். அண்ணன் படம் ஒன்றுகூட இல்லை. படம் எடுக்கிற கம்பெனியில்தான் இருந்தோம், ஆனால் எங்களைப் படம் எடுக்க யாருக்குத் தோன்றும்? கேமரா எந்தப் பக்கம் திரும்புகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் ஓடுவதுதான் எங்கள் பிழைப்பு.

இங்கே லேபில் ஒரு வேடிக்கை நடந்தது. பழைய படம் ஒன்று வந்திருக்கிறது. நானும் அண்ணனும் இருபது வருஷத்துக்கு முன்னால் வேலை செய்த அந்தக் கொலைப் படம்தான். டெலிவிஷனில் போடப்போகிறார்கள். அந்தக் காலத்துத் துப்பறியும் படம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தொப்பிக்காரன் தெருமுனையில் நிற்பான், பாதி முகம்தான் தெரியும். ஜன்னல் கம்பியின் நிழல் பொம்பளை முகத்தில் கோடு கோடாக விழும். தெருவில் தண்ணீர் ஊற்றி வைத்து ஒற்றை விளக்கைப் பளபளக்க விடுவோம், சுற்றிலும் கும்மிருட்டு. டெலிவிஷன் ஆபீசருக்கு இது பிடிக்கவே இல்லை. “என்னய்யா, கரியைக் கரைச்சு ஊத்தின மாதிரி இருக்கு! வீட்ல பாக்கறவன் பெட்டி ரிப்பேர்னு நினைச்சு மண்டையில தட்டுவான். நல்லா வெளுப்பாப் போட்டுக் குடுங்க” என்றார்.

வெளுப்பு கறுப்புக்கு நம்பர் போடுவதுதான் இங்கே என் வேலை. நெகட்டிவிலிருந்து பிரிண்ட் எடுக்கும்போது ஒவ்வொரு ஷாட்டுக்கும் எவ்வளவு வெளிச்சம் விடுவது என்று நான் குறித்துக் கொடுப்பேன். இதில் எல்லாம் தலைகீழ், அண்ணி. வெளிச்சத்தைக் கூட்டினால் பிரிண்ட் கறுக்கும், குறைத்தால் வெளுக்கும். ஆபீசர் சொன்னபடி குறைத்து ஒரு சோதனைப் பிரிண்ட் எடுத்து ஓட்டினோம். கொலைகாரன் படியிறங்குகிற காட்சி வந்தது. இத்தனை வருஷமாக மையிருட்டாக இருந்த படிக்கட்டின் அடியில் ஒரு ஆள் குந்திக்கொண்டிருக்கிறான்! ஆபீசர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். “யாருய்யா அவன்? கதையிலயே இவன் கிடையாதே?” என்றார். “லைட்மேன் சார்” என்றேன். வெளிச்சத்தை மறைக்கிற கறுப்புத் தட்டியைப் பிடித்துக்கொண்டு, எவனுக்கும் தெரியாது என்ற தைரியத்தில் உட்கார்ந்திருக்கிறான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

நீங்களும் கொஞ்சம் சிரிப்பீர்கள் என்றுதான் இதை எழுதினேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
சின்னவன்


ஜூன் 25

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் இன்று மத்தியானம் வந்தது. கடையிலேயே நின்றுகொண்டு படித்தேன், அங்கேயே எழுதுகிறேன். மாஸ்டர் “என்னம்மா, ஊசியை விட்டுட்டுப் பேனாவா?” என்கிறார்.

அந்தப் படிக்கட்டுக்கு அடியில் இருப்பது உன் அண்ணன்தானே? லைட்மேன் என்று எழுதியிருக்கிறாய், யார் என்று எழுதவில்லை. நீ சொல்லாமல் விட்டாலும் எனக்குப் புரிந்துவிட்டது. நான் அழுவேன் என்றுதானே வேடிக்கை மாதிரி எழுதினாய்?

முகம் தெரிகிறதா? எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார்? மீசை அப்போது இருந்ததா? எனக்கு அந்த வருஷம் சரியாக ஞாபகம் இல்லை. அதிலிருந்து ஒரே ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்ப முடியுமா? உன் லேபில் அது பெரிய காரியம் இல்லை என்று நினைக்கிறேன். பெரிய காரியமாக இருந்தாலும் செய்.

சுகம் விசாரிக்க மறந்துவிட்டேன். எல்லாரும் சுகம்தானே? நான் சாப்பிடுகிறேன். இன்று இரண்டு வேளை சாப்பிட்டேன்.

அண்ணி


ஜூலை 30

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். லேபில் வேலை குவிந்துவிட்டது, சின்னவளுக்கு வேறு காய்ச்சல். இப்போது தேவலாம், பள்ளிக்கூடம் போகிறாள். நீங்கள் இரண்டு வேளை சாப்பிட்டதைக் கேட்டு உங்கள் தங்கச்சிக்கு ரொம்ப சந்தோஷம்.

அந்தக் காட்சி எடுத்த அன்றைக்குச் செட்டில் லைட்டுக்கு இருந்தது நானும் அண்ணனும் மட்டும்தான். மற்றவர்களை டைரக்டர் வெளியே அனுப்பிவிட்டார். வெளிச்சம் ஒரே ஒரு ஆர்க் லைட். அதைத் தரையோடு தரையாக வைத்திருந்தோம். அதிலிருந்து வெளிச்சம் சுவருக்கு மட்டும் போக வேண்டும். படிக்கட்டுக்கு அடியில் ஒரு பொட்டு விழுந்தாலும் காட்சி கெட்டுவிடும். அதற்காகத்தான் கறுப்புத் தட்டியோடு ஒரு ஆள் அங்கே உட்கார வேண்டியிருந்தது. ஆர்க் லைட்டில் இரண்டு கரிக்குச்சி நேருக்கு நேர் நின்று எரியும், உங்களுக்குத் தெரியாததா? அதன் பக்கத்தில் நின்றால் புருவம் பொசுங்கும். அண்ணன் கண் கெட்டதும் அதைப் பார்த்துப் பார்த்துத்தான். அதனால்தானே லைட்டை விட்டுவிட்டுக் கடைசியில் ஸ்டூடியோ வாசலில் காவலுக்கு உட்கார்ந்தார்.

“வெளிச்சம் போடறது யாருக்கும் வரும்டா. இருட்டும் நாமதான் போடறோம், அதைக் கத்துக்க” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். தட்டி ஒரு விரல் நகர்ந்தால் பிடரியில் ஒன்று விழும்.

படம் எடுக்க மேனேஜரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். பார்க்கிறேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

சின்னவன்


ஆகஸ்ட் 8

அன்புள்ள தம்பிக்கு,

நலம். சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டது கேட்டு நிம்மதி. வெந்நீரே கொடுக்கச் சொல்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். அவர்தான் என்று தெரிந்ததும் மனசு எவ்வளவோ லேசாகிவிட்டது. கீழ்வீட்டு அக்காவிடம் சொன்னேன். அவர்கள் வீட்டில் டெலிவிஷன் இருக்கிறது. “உங்க வீட்டுக்காரர் டெலிவிஷன்ல வரப்போறாரா! எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே அவர்” என்றாள். அவர் யாரிடம்தான் என்ன சொன்னார்?

கண்ணாடிக்கடையில் சட்டம் ஒன்று செய்து வாங்கிவிட்டேன். கடைக்காரர் “படம் எங்கம்மா, அளவு பாக்கணுமே” என்றார். “படம் பின்னால வருது, நீங்க நல்ல அளவா வெட்டுங்க” என்றேன். ஒரு மாதிரி பார்த்தார். ஆணி அடித்து மாட்டியும் விட்டேன். உள்ளே இப்போதைக்கு வெள்ளை அட்டை. காலையில் கடைக்குப் போகும்போது அதைப் பார்த்துத்தான் போகிறேன்.

மேனேஜரிடம் கேட்டாயா? அவரிடம் நான் சொன்னதாகச் சொல். மகராசனாக இருப்பார்.

அண்ணி


செப்டம்பர் 12

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் எல்லாருக்கும் சுகம்தானே? ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. விரலில் மறுபடி ஏதாவது ஆயிற்றா? தங்கச்சிக்கு ஒன்றும் இல்லையே?

படம் எடுக்க முடியாது என்றால் முடியாது என்று எழுதிவிடு, ஒன்றும் நினைக்க மாட்டேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் சுவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். நேற்று மாஸ்டரின் சம்சாரம் வந்தாள். “என்ன அக்கா, வெள்ளை அட்டையை மாட்டி வெச்சிருக்கீங்க?” என்றாள். “வருவார்” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கே திக்கென்றது. அவள் சீக்கிரம் கிளம்பிவிட்டாள்.

ஒரு வரி எழுது.

அண்ணி


செப்டம்பர் 25

அண்ணிக்கு,

எல்லாரும் நலம். தாமதத்துக்கு மன்னியுங்கள். படம் இத்துடன் இருக்கிறது. பழைய நெகட்டிவ், அதுவும் இருட்டில் இருந்த இடம், அதனால் தெளிவு போதாது. முகம் பாதி குனிந்திருக்கிறது. இதற்குமேல் வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்னவன்


அக்டோபர் 3

தம்பிக்கு,

படம் வந்தது. இது நீ.

கவர் பிரித்ததுமே தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் தெரியாத மாதிரி இருந்து பார்த்தேன், முடியவில்லை. நாக்கு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். நான் உங்கள் வீட்டுக்கு வந்தபோது உனக்குப் பதினாலு வயசு. அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் எழுதும்போதெல்லாம் இப்படித்தான் கடித்துக்கொள்வாய். “நாக்கை உள்ள போடுடா, ஈ உக்காரும்” என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். உன் அண்ணன் அப்படிச் செய்ய மாட்டார்.

உனக்குத் தெரியாமல் இருக்காது. தன்னையே தனக்குத் தெரியாதா?

உயிரோடு இருக்கிறவனைச் சுவரில் மாட்டிவிட்டு நான் யாரை நினைப்பது? சட்டத்தைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டேன். படத்தைக் கிழிக்கவில்லை, பெட்டியில் இருக்கிறது. இருபது வயசில் நீ ஒல்லியாகத்தான் இருந்திருக்கிறாய்.

பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

அண்ணி


அக்டோபர் 20

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு உங்கள் தங்கச்சி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. “அவங்களையா ஏமாத்தப் பாத்தீங்க? உங்களைவிட உங்க முகம் அவங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்” என்றாள். நீங்கள் நலமாக இருக்கிறீர்களா என்று கேட்கவும் எனக்கு முகம் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

நான்தான் அது. முதல் கடிதத்திலேயே “படிக்கட்டுக்கு அடியில் நான் உட்கார்ந்திருக்கிறேன்” என்று ஒரு வரி எழுதியிருந்தால் முடிந்திருக்கும். வேடிக்கைக்காக “ஒரு ஆள்” என்று எழுதினேன். நீங்கள் உடனே அண்ணன்தானே என்று கேட்டு எழுதினீர்கள். இல்லை என்று எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே வாகு, குனிந்த முகம், இருட்டு, உங்கள் கண்ணிலும் தப்பிவிடும் என்று நினைத்தேன். தப்பு அண்ணி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதை யாரிடமும் சொல்லாதே என்று அண்ணன் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அவரும் உங்களிடம் சொன்னதில்லை என்று நினைக்கிறேன்.

அந்தக் காட்சியில் கொலைகாரன் வருவதற்கு முன்னால் அவன் நிழல் மட்டும் சுவரில் இறங்கி வரும். அந்த நிழலைப் போட்டது கொலைகாரன் வேஷம் போட்ட நடிகர் இல்லை. அவர் நடந்தால் நிழல் சின்னதாக, சோப்ளாங்கியாக விழுந்தது. சுவரை அடைக்கிற மாதிரி பெரிதாக வேண்டுமானால் ஆள் லைட்டுக்குக் கிட்டே வர வேண்டும். அந்த அனலுக்குப் பக்கத்தில் வர அவருக்கு என்ன தலையெழுத்து? அலுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். லைட்டுக்கு முன்னால் மரப்பெட்டிகளை அடுக்கிப் படி மாதிரி செய்தோம். டைரக்டர் அண்ணனைக் கூப்பிட்டு நடிகரின் கோட்டையும் தொப்பியையும் போடச் சொன்னார். அண்ணன் பெட்டிகள்மேல் இறங்கி நடந்தார். நான் படிக்கட்டுக்கு அடியில் தட்டியைப் பிடித்துக்கொண்டு அவர் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லைட் தூக்கித் தூக்கி அவருக்கு வலது தோள் தணிந்திருக்குமே. முதல் தடவை டைரக்டர் கத்தினார், “அந்தத் தோளை நேரா வைய்யா!” நேராக வைத்து நடந்தார். “வேணாம் வேணாம், பழையபடியே நட. அதுதான் வயித்தைக் கலக்குது” என்றார். அதற்கப்புறம் படம் முழுக்க அந்த நடிகர் ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டே நடக்க வேண்டியதாயிற்று. படம் வந்ததும் பத்திரிகையில் எல்லாம் அந்த நடையைப் புகழ்ந்து எழுதினார்கள். நடிகரின் மானம் போகக் கூடாது என்று டைரக்டர் அண்ணனிடம் வாக்கு வாங்கியிருந்தார். அண்ணன் கொடுத்த வாக்கு, உங்களுக்குத் தெரியாதா?

அந்த ஷாட்டில் அண்ணன் இருக்கிறார். ஆனால் முகம் இல்லை. முகம் கேட்டவருக்கு நிழலை எப்படி அனுப்புவது? அதோடு, வெளுத்த பிரிண்டில் அதுவும் போய்விட்டது. துவைத்த சட்டையில் காப்பிக் கறை மாதிரி சுவரில் மங்கலாக ஏதோ நகர்கிறது, அவ்வளவுதான்.

திட்டியாவது ஒரு கடிதம் எழுதுங்கள்.

சின்னவன்


அக்டோபர் 29

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலமாக இருக்கிறேன். தங்கச்சியைப் பேசச் சொல். உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது, இப்போது இல்லை.

அந்தப் படம் வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் தியேட்டருக்குப் போனோம். கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது. அந்த நிழல் இறங்கி வந்தபோது நான் பயந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “பாவி, நடையைப் பாருங்க! பாத்தாலே தெரியுது கொலைகாரன்னு” என்றேன். பக்கத்தில் அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். முன்வரிசையில் இருந்தவன் திரும்பிப் பார்த்தான். “என்ன சிரிப்பு?” என்று கேட்டேன். “ஒண்ணுமில்ல, படத்தைப் பாரு” என்றார். வீட்டுக்கு வந்தும் கேட்டேன். சொல்லவில்லை. அடுத்த ஒரு வாரம் அடுப்படிக்கு வரும்போதெல்லாம் தோளை இன்னும் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு வந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கிறுக்கு என்று நினைத்தேன்.

இதை எழுதும்போதே சிரிக்கிறேன். அவர் போனதிலிருந்து இப்படிச் சிரித்ததில்லை. கீழ்வீட்டு அக்கா “யாரும்மா மேல, விருந்தாளியா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

முகம் இல்லாவிட்டால் பரவாயில்லை. அந்தத் தோளை நான் தினமும் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிட்டிருக்கிறேன். அது எனக்கு மறக்கவில்லை. நடந்து வருவதைப் பார்த்தால் போதும்.

ஆனால் நீ அதையும் வெளுத்துவிட்டாயே. இருட்டையும் போடுகிறவர் அவர் என்று நீயே எழுதினாய். அவர் போட்ட இருட்டை எடுக்க அந்த ஆபீசர் யார்? நீ அந்த இடத்தை மட்டுமாவது பழையபடி கறுப்பாகப் போடு. உன் வேலைக்கு வில்லங்கம் வரும் என்றால் வேண்டாம். வராது என்றால் செய்.

வேறு ஒன்றும் வேண்டாம் எனக்கு.

அண்ணி


நவம்பர் 24

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே அனைவரும் நலம். உங்கள் தங்கச்சி இப்போது பேசுகிறாள், கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறாள். தியேட்டர் கதையை அவளுக்குப் படித்துக் காட்டினேன். நாங்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டு, இன்னொரு தடவை படித்தோம்.

இந்தத் தடவை தாமதத்துக்குக் காரணம் இருக்கிறது. காரியம் முடிந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன். படம் பூராவும் ஆபீசர் சொன்னபடி வெளுப்பாகத்தான் போட்டிருக்கிறேன். அந்தப் படிக்கட்டு ஷாட்டுக்கு மட்டும் வெளிச்சத்தைக் கூட்டி, முதன்முதலில் அந்தப் படத்துக்கு இருந்த பழைய நம்பரையே குறித்துக் கொடுத்துவிட்டேன். ஆபீசர் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்.

“இந்த இடம் மட்டும் ஏன்யா கரியா இருக்கு?”

“சார், இதை வெளுத்தா அடியில அந்த ஆள் தெரியறான். ஊர்ல இருக்கறவன் எல்லாம் அவன் யாருன்னு கேட்டு உங்களுக்குத்தான் எழுதுவான்” என்றேன்.

“ஆமாமா. அந்தச் சனியனை மறைச்சுடு” என்றார்.

என் பேர் சனியனாகப் போனாலும் பரவாயில்லை. கையெழுத்துப் போட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். டிசம்பர் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போடுகிறார்கள். படிக்கட்டுக் காட்சி பாதிக்குமேல் வரும். தவறாமல் பாருங்கள். எங்கள் வீட்டில் டெலிவிஷன் இல்லை, பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

சின்னவன்


டிசம்பர் 15

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீ, தங்கச்சி, பிள்ளைகள் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். கையுறையை மறக்காதே.

பார்த்தேன். வரிசையாக எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கே கீழ்வீட்டுக்குப் போய்விட்டேன். அக்கா, அவள் வீட்டுக்காரர், பக்கத்து வீட்டிலிருந்து ஐந்தாறு பேர் இருந்தார்கள். எனக்கு நாற்காலி போட்டார்கள், நான் முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டேன். படம் பூராவும் பளிச்சென்று இருந்தது. எல்லா மூலையும் தெரிந்தது. யார் ஒளிந்திருக்கிறான் என்று முன்னாடியே தெரிந்துவிட்டதால் ஒருவருக்கும் பயம் வரவில்லை. “இதுக்கா அந்தக் காலத்துல நடுங்கினோம்?” என்று வீட்டுக்காரர் சிரித்தார்.

அப்புறம் அந்த இடம் வந்தது. சட்டென்று இருட்டிவிட்டது. “என்ன, பெட்டி அணையுதா?” என்று அவர் எழுந்து வந்து வெளிச்சம் கூட்டுகிற குமிழைத் திருகப் போனார். தம்பி, நான் அந்த வீட்டில் ஒரு டம்ளரைக்கூட நானாக எடுத்ததில்லை. எழுந்து அந்தக் குமிழின்மேல் என் கையை வைத்து மூடிக்கொண்டேன்.

“இருக்கட்டும்ணா. அங்க இருட்டுதான்.”

“ஒண்ணுமே தெரியலையேம்மா!”

“தெரியும். பொறுங்க.”

அவருக்குக் கோபம். அக்கா கண்ணைக் காட்டவும் போய் உட்கார்ந்துகொண்டார். நான் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றேன். மேலே சுவரில் தொப்பி வந்தது. பிறகு தோள். பக்கத்து வீட்டுப் பெண் காலை மடக்கி மேலே வைத்துக்கொண்டாள். அவர் இறங்கி வந்தார். வலது தோள்தான். தண்ணீர்க் குடத்தை மாடிக்குத் தூக்கி வரும்போது எப்படி வருவாரோ அதே நடை. ஒவ்வொரு படிக்கும் தோள் ஒரு தடவை தணிந்து எழுந்தது. படிக்கட்டுக்கு அடியில் நன்றாகக் குனிந்து பார்த்தேன். அங்கே ஒருவரும் இல்லை. நீ தட்டியை நகர்த்தவில்லை.

முடிந்ததும் வீட்டுக்காரர் “அடேயப்பா! நடிகன்னா அவன் நடிகன். அந்தத் தோள் ஒண்ணு போதும்” என்றார். எனக்கு நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. உன் அண்ணன் வாக்குக் கொடுத்திருக்கிறாரே என்று வாயை மூடிக்கொண்டேன். “என்னம்மா, உங்க வீட்டுக்காரர் வருவார்னு சொன்னியே, எங்க?” என்று அக்கா கேட்டாள். “நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன், அது அவர் தம்பி. அவனையும் மறைச்சுட்டாங்க” என்றேன். மாடிக்கு வந்துதான் அழுதேன். நன்றாக அழுதேன், பிறகு சாப்பிட்டேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். எட்டுப் படி இறங்கினார். ஒன்பதாவதுக்குக் கால் வைக்கும்போது வெட்டிவிட்டு அந்தப் பொம்பளை கத்துகிற முகத்தைக் காட்டிவிட்டார்கள். அன்றைக்கு நீங்கள் அடுக்கிய பெட்டி மொத்தம் எத்தனை? அவர் கீழே வரைக்கும் வந்தாரா? வந்திருந்தால், வெட்டினது போக மிச்சம் உன் லேபில் எங்கேயாவது கிடக்கும். தேடிப் பார்த்து எழுது.

அண்ணி